வீடியோவில் அட்சரகணிதமும் நுண்கணிதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர இணைந்த கணிதம் படிப்பவர்களும் அவர்களின் பெற்றோரும் வீடியோப் பாடங்கள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறோம். சமன்பாடுகளை வாய்விட்டு வாசிப்பதுபோல எழுதியிருப்பதால், பக்கத்தில் கொப்பியை வைத்து அவற்றைக் குறியீட்டில் எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

ஓ எல் கணக்கில ஏ எடுத்திருக்கன். வகுப்புக்குப் போகாம வீடியோ மட்டும் பார்த்து இணைந்த கணிதம் செய்ய ஏலுமா?

பாடத்தை விளங்கிக்கொள்ள ஏலும். ஆனால் வீடியோ உங்கள் கொப்பியைப் பார்க்காது. மூன்றாம் வரியில் சய அடையாளத்தைத் தவறவிட்டீர்கள் என்றோ, "ஆகவே" என்று எழுதிய இடத்தில் காரணம் போதாது என்றோ அது சொல்லாது. ஆகவே வீடியோவோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, செய்து பார்க்கக் கணக்குகள்: மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழி வள நூல்களும் கடந்தகால வினாத்தாள்களும் போதும். மற்றது, கிழமைக்கு ஒரு தடவையாவது உங்கள் விடையை வரி வரியாக வாசித்துத் திருத்த ஒருவர். பாடசாலை ஆசிரியராக இருக்கலாம், முந்திய வருடம் எழுதிய அக்காவாகவும் இருக்கலாம்.

எங்கேயிருந்து தொடங்கிறது? நேரா வகையீட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். சாதாரண தரத்தில் நுண்கணிதம் (வகையீடும் தொகையீடும்) இல்லை, அதனால் அது புதிது. புதியதைக் கவனித்துப் படிப்பீர்கள். தெரியும் என்று நினைக்கும் அட்சரகணிதந்தான் காலை வாரும். வகையீட்டுக் கணக்கில் வகையிடுவது ஒரு வரி. மிச்சம் ஏழு வரியும் சுருக்குதல், காரணியாக்குதல், பின்னம் சேர்த்தல்.

முதலில் இந்த ஐந்தையும் கணிப்பான் இல்லாமல் 12 நிமிடத்தில் செய்து பாருங்கள்: 6எக்ஸ்² − 7எக்ஸ் − 3 ஐக் காரணியாக்குக, 1/(எக்ஸ் − 1) − 1/(எக்ஸ் + 1) ஐச் சுருக்குக, எக்ஸ்² − 6எக்ஸ் + 11 ஐ வர்க்கப்பூர்த்தி செய்க, 1/(√5 − 2) இன் பகுதியெண்ணை விகிதமுறுவாக்குக, எக்ஸ்² < 9 ஐத் தீர்க்க. விடைகள் முறையே (3எக்ஸ் + 1)(2எக்ஸ் − 3). 2/(எக்ஸ்² − 1). (எக்ஸ் − 3)² + 2. √5 + 2. −3 இற்கும் 3 இற்கும் இடைப்பட்ட எக்ஸ். கடைசியில் "எக்ஸ் < 3" என்று மட்டும் எழுதியிருந்தால் சமனிலி வீடியோக்களில் தொடங்குங்கள். ஐந்தும் சரியானால் சார்புகளும் வரைபுகளும், பிறகு எல்லை, பிறகு வகையீடு, பிறகு தொகையீடு. எல்லையைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு வகையீட்டின் சூத்திரம் கையில் இருக்கும், அது எதைச் சொல்கிறது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது.

ஒரு வீடியோவை எப்படித்தான் பார்க்கிறது? நோட்ஸ் எடுக்கிறதா, சும்மா பார்க்கிறதா?

20 நிமிட வீடியோவுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கொள்கை விளக்கும் பகுதியை நிறுத்தாமல் பாருங்கள். உதாரணக் கணக்கு திரையில் வந்தவுடன் நிறுத்தி, வினாவைக் கொப்பியில் எழுதி, ஐந்து நிமிடம் நீங்களே முயலுங்கள். தட்டினால், அந்த இடம் தெளியும் வரை மட்டும் ஓடவிட்டு மறுபடி நிறுத்துங்கள். மிச்சத்தை நீங்களே முடித்துவிட்டு, கடைசியில் ஆசிரியரின் விடையோடு ஒப்பிடுங்கள்.

ஆசிரியர் எழுதுவதை அப்படியே பிரதி பண்ணுவது நோட்ஸ் அல்ல. கொப்பியில் இருக்கவேண்டியது உங்கள் முயற்சி. அதன் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரே வரி: எங்கே தட்டியது, எது தெரிந்திருந்தால் தட்டியிருக்காது. அடுத்த நாள் வெற்றுத் தாளில், வீடியோவைத் திறக்காமல், அதே கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள். இந்த இரண்டாம் நாள் வேலையை விட்டால் முதல் நாள் வேலையில் பாதி வீண்.

பார்க்கேக்க எல்லாம் விளங்குது. தனியச் செய்யப் போனா கை நிக்குது. ஏன் இப்பிடி?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. வீடியோவில் ஒவ்வொரு வரியும் முந்திய வரியிலிருந்து எப்படி வந்தது என்று பார்க்கிறீர்கள். சரி என்று தலையாட்டுகிறீர்கள். அது சரிபார்க்கும் வேலை. எந்த வழியால் போவது என்ற தெரிவை ஆசிரியர் ஏற்கெனவே செய்துவிட்டார். பரீட்சை கேட்பதோ அந்தத் தெரிவைத்தான்.

மூன்று தொகையீடுகளைப் பாருங்கள். 1/(எக்ஸ்² + 1), எக்ஸ்/(எக்ஸ்² + 1), எக்ஸ்²/(எக்ஸ்² + 1). பார்வைக்கு மூன்றும் உடன்பிறப்புகள். முதலாவது நேரடியாக நேர்மாறு தாஞ்சன் எக்ஸ். இரண்டாவதில் பகுதியெண்ணின் பெறுதி 2எக்ஸ். மேலே அதன் பாதி இருக்கிறது, எனவே விடை (எக்ஸ்² + 1) இன் இயற்கை மடக்கையில் பாதி. மூன்றாவதில் மேலும் கீழும் ஒரே படி. எக்ஸ்² ஐ (எக்ஸ்² + 1) − 1 என்று எழுதிப் பிரித்தால் எக்ஸ் − நேர்மாறு தாஞ்சன் எக்ஸ். (மூன்றுக்கும் தொகையீட்டு மாறிலி சேரும்.) "பிரதியீட்டு முறை" என்று தலைப்பிட்ட வீடியோவைப் பார்க்கும்போது தலைப்பே வழியைச் சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இல்லை.

இதற்கு மருந்து முதல் வரிப் பயிற்சி. வெவ்வேறு பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளைக் கலந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் வரியை மட்டும், ஏன் அந்த வரி என்ற காரணத்தோடு எழுதுங்கள். முடிக்கவேண்டாம். பத்துக்கும் 15 நிமிடம். பிறகு வீடியோவின் அல்லது விடைத்தாளின் முதல் வரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். கிழமைக்கு மூன்று தடவை செய்துவந்தால் கை நிற்பது குறையும்.

தமிழ்நாட்டு வீடியோக்கள் பார்க்கலாமா? அவங்கட சொல்லெல்லாம் வேற மாதிரி இருக்கு.

தாராளமாகப் பாருங்கள், கணிதம் ஒன்றுதான். சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் இயற்கணிதம் என்பது நம் அட்சரகணிதம். கெழு நமக்குக் குணகம். பல்லுறுப்புக் கோவை பல்லுறுப்பி. வகைக்கெழு பெறுதி. சாய்வு படித்திறன். அணி தாயம், அணிக்கோவை துணிகோவை. வெக்டர் காவி. கலப்பெண் சிக்கலெண். தொலைத்தொடுகோடு அணுகுகோடு. எல்லை, சார்பு, மடக்கை, மாறிலி ஆகியவை இரண்டு இடத்திலும் ஒன்றே.

இந்தப் பட்டியலைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, புதிய சொல் கேட்கும்போதெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடை எழுதும்போது நம் சொல்லையே எழுதுங்கள். பாடத்திட்டம் வேறு என்பதையும் மறக்கவேண்டாம்: அங்கே ஒரு அத்தியாயம் முழுதாக ஓடும் விடயம் இங்கே பாடத்திட்டத்தில் இல்லாமலே இருக்கலாம். பார்க்கத் தொடங்குமுன் நம் பாடத்திட்டத்தில் அந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள்.

இங்கிலீஷ் வீடியோதான் எனக்கு நல்லா விளங்குது. எழுதப்போறது தமிழில. பிரச்சினை வருமா?

கருத்து விளங்குவது எந்த மொழியிலும் ஆதாயம். கான் அகாடமி போன்ற இடங்களில் அடிப்படை அட்சரகணிதம் படிப்படியாக இருக்கிறது. முதலில் சொன்ன ஐந்து கணக்கில் தடுமாறியவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் பிறகும் அதே தலைப்பில் ஒரு தமிழ் வினாத்தாள் வினாவை வாசித்து, தமிழில் முழு விடையும் எழுதுங்கள். "ஆகவே", "எனவே", "எல்லா மெய் எக்ஸ் இற்கும்", "இவ்விரண்டையும் கூட்ட" போன்ற இணைப்புச் சொற்கள் கைப்பழக்கத்தில் இல்லாவிட்டால் பரீட்சையில் அங்கேதான் நேரம் போகும்.

ரெண்டு மடங்கு வேகத்தில பார்த்தா நேரம் மிச்சந்தானே?

ஏற்கெனவே செய்த பாடத்தை மீட்டும்போது 1.5 மடங்கு சரி. புதிய பாடத்துக்குச் சாதாரண வேகம். மூன்று மணித்தியால ஸூம் பதிவு என்றால் வரவு எடுப்பதையும் பொதுக் கதையையும் ஓட்டிவிட்டு, கணக்குத் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். மேலே சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு வேகத்தால் மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

டேட்டா காணாது. தரத்தைக் குறைச்சுப் பார்க்கலாமா?

480 வரை குறைக்கலாம். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜீபி போகும். அதற்குக் கீழே இறங்கினால் அடுக்குகள் கலங்கும். வர்க்கமா கனமா என்று தெரியாது, சய அடையாளம் பலகைக் கோட்டோடு ஒன்றிப்போகும். படம் பிடிபடாமல் ஒலியை மட்டும் நம்பிக் கணக்கு எழுதுவதைவிட, ஒரு வீடியோவைக் குறைத்து மற்றதைத் தெளிவாகப் பார்ப்பது மேல். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களும் உண்டு. வாசித்தே விளங்கக்கூடியதற்கு வீடியோ தேவையில்லை.

சங்கிலி விதி பத்து வீடியோ பார்த்திட்டன். இன்னும் பிழைக்குது.

பெரும்பாலும் விதியில் பிழை இல்லை. சார்பை வாசிப்பதில்தான் பிழை. சைன்² எக்ஸ் என்பது சைன் எக்ஸ் முழுவதன் வர்க்கம். வெளியே வர்க்கம், உள்ளே சைன். பெறுதி 2 சைன் எக்ஸ் கோசைன் எக்ஸ். சைன்(எக்ஸ்²) இல் வெளியே சைன், உள்ளே வர்க்கம். பெறுதி 2எக்ஸ் கோசைன்(எக்ஸ்²). வகையிடுமுன் பென்சிலால் உள்ளே இருப்பதைச் சுற்றி வட்டம் போடுங்கள். சைன்²(3எக்ஸ்) என்றால் இரண்டு வட்டம் வரும்: 3எக்ஸ் ஐச் சுற்றி ஒன்று, சைன் 3எக்ஸ் ஐச் சுற்றி ஒன்று. எனவே பெருக்கத்தில் மூன்று துண்டு வரவேண்டும்: 2 சைன் 3எக்ஸ், கோசைன் 3எக்ஸ், 3. இரண்டு துண்டுதான் வந்திருந்தால் கடைசி 3 விடுபட்டிருக்கிறது.

விடையில் சந்தேகம் என்றால் வீட்டில் எண்ணால் சோதியுங்கள். எக்ஸ்³ இன் பெறுதி எக்ஸ் = 2 இல் 12. 2.01 இன் கனம் 8.120601, அதில் 8 ஐக் கழித்து 0.01 ஆல் வகுத்தால் 12.0601. கிட்ட வந்துவிட்டது. இணைந்த கணிதப் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது, ஆகவே இது படிக்கும் காலத்துக்கான சோதனை மட்டும்.

எல்லைக் கணக்கை வீடியோவில லோப்பித்தால் விதியால ரெண்டு வரியில முடிக்கிறாங்க. நாங்களும் செய்யலாமா?

0/0 என்று வரும் பின்னத்தில் மேலையும் கீழையும் தனித்தனியே வகையிட்டு எல்லை எடுப்பதுதான் அந்த விதி. நம் பாடத்திட்டத்தில் அது இல்லை. காரணியாக்கல், இணையால் பெருக்குதல், (எக்ஸ்ⁿ − ஏⁿ)/(எக்ஸ் − ஏ) இன் எல்லை, (சைன் எக்ஸ்)/எக்ஸ் இன் எல்லை ஆகியவற்றால் செய்து காட்டத்தான் வினா தரப்படுகிறது. பரீட்சைத் தாளில் அதை எழுதாதீர்கள். வீட்டில் விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

இதில் தர்க்கமும் ஒன்று உண்டு. எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது (சைன் எக்ஸ்)/எக்ஸ் ஒன்றை அணுகும் என்று அந்த விதியால் காட்ட, சைனின் பெறுதி கோசைன் என்று தெரிந்திருக்க வேண்டும். சைனின் பெறுதியை முதற் கோட்பாட்டிலிருந்து எடுக்கவோ அதே எல்லை வேண்டும். நிறுவவேண்டியதையே எடுத்துக்கொண்டு நிறுவியதாகிவிடும்.

என்ர தொகையீட்டு விடை வீடியோட விடை மாதிரி வரல. பிழையா?

உடனே வெட்டாதீர்கள். சைன் எக்ஸ் கோசைன் எக்ஸ் ஐத் தொகையிட ஒருவருக்கு சைன்² எக்ஸ் / 2 வரும், ஒருவருக்கு −கோசைன்² எக்ஸ் / 2, இன்னொருவருக்கு −கோசைன் 2எக்ஸ் / 4. மூன்றும் சரி. முதலிரண்டுக்கும் வித்தியாசம் 1/2, முதலுக்கும் மூன்றாவதுக்கும் 1/4. தொகையீட்டு மாறிலி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அந்த மாறிலியை எழுத மறந்தால்தான் மூவரும் சண்டை பிடிக்கவேண்டி வரும். உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடங்கிய கோவை திரும்பி வந்தால் சரி.

வீடியோவில இருக்கிறவர் பிழை விடலாமா? எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

விடலாம், எழுத்துப் பிழையும் வரும், வழிப் பிழையும் வரும். வழிப் பிழைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும். முதலாவது, சமனிலியைத் தெரியாக் கணியத்தால் பெருக்குவது. (எக்ஸ் − 1)/(எக்ஸ் + 2) > 2 ஐ (எக்ஸ் + 2) ஆல் பெருக்கினால் எக்ஸ் < −5 என்று வரும். −6 ஐ இட்டுப் பாருங்கள்: 7/4, அது 2 ஐ விடப் பெரிதல்ல. (எக்ஸ் + 2) சயமாக இருந்தால் குறி திரும்பும் என்பதை மறந்ததால் வந்த வினை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து சுருக்கினால் (எக்ஸ் + 5)/(எக்ஸ் + 2) < 0. விடை −5 இற்கும் −2 இற்கும் இடையில். −3 ஐ இட்டால் 4 வரும், பொருந்துகிறது.

இரண்டாவது, இரு பக்கமும் வர்க்கிப்பது. √(எக்ஸ் + 6) = எக்ஸ் ஐ வர்க்கித்தால் 3, −2 என இரு மூலம் வரும். −2 ஐ இட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. அதைத் தள்ளிவிட வேண்டும். மூன்றாவது, சார்பு வரையறுக்கப்படாத புள்ளியைத் தாண்டித் தொகையிடுவது. 1/எக்ஸ்² ஐ −1 இலிருந்து 1 வரை கண்ணை மூடித் தொகையிட்டால் −2 வரும். எங்கும் நேர்ப் பெறுமானம் எடுக்கும் சார்பின் கீழ்ப் பரப்பு எப்படிச் சயமாகும்? பூச்சியத்தில் அச்சார்பே இல்லை. அந்த வழி அங்கே செல்லாது. எந்த வீடியோவாக இருந்தாலும் விடையில் ஒரு எண்ணை இட்டுப் பார்த்த பிறகே கொப்பியில் ஏற்றுங்கள்.

டீவை/டீஎக்ஸ் பின்னமா இல்லையா? ஒருத்தர் பின்னம் இல்ல எண்டுறார், அடுத்தவர் வெட்டிப்போட்டுப் போறார்.

நல்ல கேள்வி. வையின் சிறு மாற்றத்தை எக்ஸின் சிறு மாற்றத்தால் வகுத்தது பின்னம். டீவை/டீஎக்ஸ் அந்தப் பின்னத்தின் எல்லை. இந்தக் குறியீட்டை ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1684 இல் வெளியிட்டபோதே பின்னம்போல நடந்துகொள்ளும்படி அமைத்திருந்தார். அதனால்தான் சங்கிலி விதியில் வெட்டுவதுபோலத் தெரிகிறது, டீஎக்ஸ்/டீவை அதன் தலைகீழாகவும் வருகிறது. வெட்டியதால் அது உண்மையாகவில்லை. நிறுவப்பட்ட தேற்றம் என்பதால் உண்மை.

இரண்டாம் பெறுதியில் இந்தப் பின்னப் பார்வை உடைந்துவிடும். எக்ஸ் நேர் எண்ணாக இருக்க வை = எக்ஸ்² என்று எடுங்கள். வையின் இரண்டாம் பெறுதி எப்போதும் 2. எக்ஸை வையின் சார்பாக எழுதினால் எக்ஸ் = √வை; வை = 1 இல் அதன் இரண்டாம் பெறுதி −1/4. தலைகீழாக இருந்தால் 1/2 வந்திருக்க வேண்டும். ஆகவே முதற் பெறுதியிலும் பிரதியீட்டுத் தொகையீட்டிலும் "டீயூ = 2எக்ஸ் டீஎக்ஸ்" என்று எழுதலாம், அது சங்கிலி விதியின் சுருக்கெழுத்து. இரண்டாம் பெறுதியைக் கவிழ்க்கும் வீடியோவை நம்பாதீர்கள்.

பிள்ளை போனோடேயே இருக்கிறா. படிக்கிறாவா எண்டு எப்பிடி அறியிறது?

போனைப் பார்க்காதீர்கள், கொப்பியைப் பாருங்கள். கணிதம் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். வெட்டல்களும் சிவப்பு வரிகளும் இருந்தால் படிக்கிறா. ஒரு வெட்டும் இல்லாமல் அழகான கொப்பி என்றால் பிரதி பண்ணுகிறா. நேற்றுச் செய்த ஒரு கணக்கை வெற்றுத் தாளில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடந்தகால வினாத்தாள் வீடியோக்களை எப்ப பார்க்கிறது?

அந்த வினாத்தாளை நேரம் வைத்துச் செய்த பிறகு. அதற்கு முன் பார்த்தால் அந்தத் தாள் உங்களுக்குச் செத்த தாள். திரும்பச் சோதனைக்கு உதவாது. தாள் 1, தாள் 2 இரண்டும் மூன்று மணித்தியாலம். பகுதி ஏ இல் 10 வினா, எல்லாம் செய்யவேண்டும், ஒவ்வொன்றும் 25 புள்ளி. பகுதி பீ இல் 7 இல் 5, ஒவ்வொன்றும் 150. ஒரு தாளுக்கு 1000. பகுதி ஏ க்கு 60 நிமிடம், பகுதி பீ யில் வினாவுக்கு 23 நிமிடம் என்று வைத்தால் 5 நிமிடம் மிஞ்சும். பகுதி ஏ யில் ஒரு வினாவோடு 15 நிமிடம் மல்லுக்கட்டுபவர் 25 புள்ளிக்காக 150 புள்ளி வினாவின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கிறார்.

வீடியோவில் விடை சொல்பவர் நேரத்துக்காகப் படிகளை வாயால் சொல்லிவிட்டுத் தாண்டுவார். புள்ளி படிகளுக்கே. ஆகவே வீடியோவுக்கு அடுத்ததாகப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை எடுத்து, 5 புள்ளி, 10 புள்ளி எந்த எந்த வரிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் தாளை அதன்படி நீங்களே திருத்துங்கள், பிறகு முதல் பதிலில் சொன்ன அந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துவியுங்கள். இருவர் போட்ட புள்ளிக்கும் வித்தியாசம் வரும் வரிகளைத்தான் அடுத்த கிழமை படிக்கவேண்டும்.